ஓடாமல் வந்த குப்பி

முப்பத்தோராண்டு முகஞ்சுளிக்காத உழைப்பே! ஊசி முனையிலும் உறுத்தாத உள்ளமே! ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூத்த பணியாளர், ஈசூன் வட்டாரத்தில் வாழும் பிலோமினம்மாள் அவர்களே!

தாங்கள் இன்று ஓய்வு பெறுகிறீர்கள். வாழ்த்த வந்த வார்டு அட்டெண்டர்கள் எங்களுக்கு வாயெல்லாம் புன்னகை. உள்ளத்தில் மட்டும் கலக்கம். காரணம் தாங்கள் அறிந்ததே.

எங்கள் தோழர் தங்கராஜு, சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம், நோயாளியின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகையிலேயே மாரடைப்பில் சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் செத்த இதயத் தசையின் இடத்தில் தழும்பு கட்டுகிறது. அது நிற்கிறதா, பரவுகிறதா என்று ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நம் கூடத்துக்கே புதிய சோதனை அது. பரவினால் தங்கராஜு இனிக் கட்டில் தள்ள முடியாது. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

இரண்டாம் சோதனையன்று லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. எங்களில் ஒருவரான நூருல் அமீன், ரத்தக் குப்பியைப் பனிக்கட்டி டப்பாவில் வைத்து நான்கு மாடி இறங்கி ஓடிவந்தார். தாமதித்தால் தோழருக்குக் கேடு வருமோ என்று அவருக்குப் பயம். தாங்கள் எந்திரத்தில் சுழற்றி எடுத்தபோது, மேலே நின்ற தெளிநீர் மஞ்சளாக இல்லை, சிவந்திருந்தது.

"யாரு பாய் உங்கள ஓடச் சொன்னது? குலுக்கி ரத்தத்த உடைச்சுட்டீங்களே! இத அளந்தா பொய்தான் வரும்."

"அவன் வேலைய நானே கெடுத்துட்டேன் மேடம்..."

"ஒண்ணும் கெடல லா. நானே போய் எடுக்கறேன்."

முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறினீர்கள். அமீன் தலைகுனிந்து பின்னால் வந்தார். கட்டிலில் கிடந்த தங்கராஜுவோ, "மொத ரத்தத்தச் சீவின ஐஸ்ல ஊத்தி ஐஸ் கச்சாங் போட்டுட்டீங்களா அக்கா?" என்றார். "வாய மூடுங்க, கைய நீட்டுங்க" என்றீர்கள். வார்டே சிரித்தது.

அந்த முறை தழும்பைக் காட்டும் அளவு ஏறித்தான் இருந்தது. தங்கள் கையெழுத்துள்ள எண் என்பதால், கசந்தாலும் நம்பினோம். டாக்டரும் மருந்தை மாற்றினார்.

மூன்றாம் சோதனைக்கு ரத்தம் எடுத்தது இன்று காலை. முடிவு செவ்வாய்க்கிழமை வரும். அன்று தாங்கள் இங்கிருக்க மாட்டீர்கள். அதுதான் எங்கள் கலக்கம்.

லிஃப்ட் இன்றும் கெட்டுவிட்டது. ஆனால் அமீன் ஓடவில்லை அம்மா. கால் பறந்தது, அடக்கிக்கொண்டார். டப்பாவை நெஞ்சோடு அணைத்து, படிப்படியாக நடந்தே வந்தார். தெளிநீர் மஞ்சளாக நின்றது. தாங்கள் தலையசைத்தீர்கள். இப்போதைக்கு எங்கள் கையிலுள்ள நிம்மதி அந்தத் தலையசைப்பு ஒன்றுதான்.

முழங்கால் வலி நீங்கி, மூப்பிலும் முகமலர்ந்து, நீடு நலமோடு வாழ்க! செவ்வாயன்று ஈசூன் வீட்டுத் தொலைபேசி மணியடித்தால் தாங்களே எடுங்கள். வந்த எண்ணை நாங்கள் படிப்போம்; அது எதுவானாலும், அதன் பொருளைத் தங்கள் வாயால் கேட்ட பிறகுதான் தங்கராஜுவுக்குச் சொல்வோம்.

தங்கள் அன்பு மறவா,
வார்டு அட்டெண்டர்கள் அனைவரும்
சிங்கப்பூர், 30.6.1989