மேப் சொன்ன இருபது பர்சென்ட்

ஹெப்பாள் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "என் எலக்ட்ரிக் கார் மேப்புக்கு வருஷா வருஷம் காசு கட்டறேன் குரு. அது சொல்றத ஒரு நாளும் நம்பினதில்ல."

"ஃபோன்ல சும்மாவே வருதே?"

"ஃபோனுக்கு என் கார் பேட்டரி தெரியாதே. இது கணக்குப் போட்டு, மச்சினன் கல்யாணத்துக்கு மாமனார் ஊர் மார்டள்ளி போய்ச் சேர்றப்ப இருபது பர்சென்ட் மிச்சம் இருக்கும்னுச்சு. நான்தான் பயந்துபோய் ஏசிய நிறுத்திட்டு, வழில கொள்ளேகால்ல ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டேன். போறதுக்குள்ள மச்சினன் தாலி கட்டி, பந்தியே முடிஞ்சிருச்சு."

"அப்ப இனிமே கட்ட மாட்ட."

"கட்டாம எப்படி? மேப்தான் சுத்து வழில விட்டுருச்சுன்னு மாமனார்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த தடவ லேட்டானா பழி போட ஏதாவது வேணாமா?"