அவர் தமிழ்நாட்டுக்காரர் அல்ல

பெயர் ஆனந்தபாய், வயது ஐம்பத்து நான்கு இருக்கலாம், கணவர் காலஞ்சென்ற ஓமனக்குட்டி, சொந்த ஊர் திருப்புறம், தற்சமயம் வீடு கிடையாது, பாறசாலைச் சந்தையை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் கடைகளின் வராந்தாவில் படுத்து வருகிறேன். இறந்துபோன சுவாமிதாஸ் குறித்து போலீஸ் நிலையத்தில் விசாரிக்கப்பட்டதில் தமிழில் நான் சொல்வதாவது:

கணவர் இறந்தபின் வீட்டுவேலை செய்து வாடகை வீட்டில் இருந்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு போனதும் வேலை போயிற்று, பின்னாலேயே வீடும் போயிற்று. அதன் பிறகு சந்தையில் வெங்காயம் பொறுக்கிக் கொடுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு வந்தேன். ஒரு பெண் வராந்தாவில் தனியே படுத்தால் என்னென்ன வரும் என்பது எழுதுகிற சாருக்கே தெரியும், நான் விவரிக்க விரும்பவில்லை. மேற்படி சுவாமிதாஸ் கேரளத்திலேயே உள்ள அம்பூரியில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர். மகள் சினியின் ஒற்றை அறை வீட்டில் இடைஞ்சலாக இருக்க மனமில்லாமல் தானாக இறங்கி வந்தவர். அவர் என் பக்கத்தில் படுக்கத் தொடங்கிய பிறகு யாரும் என்னிடம் நெருங்கவில்லை. எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்தார்கள். நினைத்தால் நல்லதுதான் என்று விட்டுவிட்டோம். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

எல்லையில் படுக்கிற எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த இந்தப் பக்கத்தார் ஊரைக் கேட்டால் தமிழ்நாடு என்போம், தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் கேட்டால் கேரளம் என்போம். இரண்டு பக்கத்தாரும் அது அவங்க ஆள் என்று விட்டுவிடுவார்கள். முன்பு ஒருமுறை என்னை ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் கொண்டுபோய் அடைத்து முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து நானும் இப்படித்தான் சொல்லி வந்தேன்.

போன வாரம் மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, கண் மஞ்சளாகி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். செவ்வாய்க்கிழமை பகலில் ஆதரவற்றவர்களை ஏற்றிப்போகும் வண்டி வந்தது. அதில் வந்த ஜிஜி என்ற பெண் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மச்சி, இவருக்கு எந்த ஊராக்கும்? ஆசுத்திரிக்குக் கொண்டு போணும்" என்றார். நான், "தமிழ்நாடாக்கும் மக்கா. மோன் களியக்காவிளைல உண்டு, இப்ப வருவான்" என்றேன். அவருக்கு மகனே கிடையாது. ஜிஜி அவரிடமும் இது உண்மைதானா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஜிஜி மாத்திரை கொடுத்து, மகன் வராவிட்டால் கூப்பிடச் சொல்லிப் போனார். ஜிஜி மேல் தப்பு இல்லை.

இல்லத்துக்குப் பயந்து இதைச் சொன்னேன் என்று முதலில் சாரிடம் கூறினேன். அது முழு உண்மையல்ல. அன்று கூப்பிட்டது அவரைத்தான், என்னை அல்ல. அவர் போய்விட்டால் ராத்திரி நான் தனியாகப் படுக்க வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன். வண்டி போன பிறகு அவர், "நீ பயப்படாத, நான் இங்க உண்டு" என்றார். அதன் பிறகு பேசவில்லை. காலையில் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

டீக்கடை உண்ணி போலீசுக்குச் சொன்னார். போலீஸ் கேட்டபோதும் பழக்கத்தில் வாயில் தமிழ்நாடு என்றே வந்தது. அதனால் சார்மார் அந்தப் பக்கம் தேடி அலைய, அவர் பிணவறையில் ஆளில்லாமல் கிடந்தார். கேட்க ஆளில்லை என்று அவர்களே அடக்கம் செய்துவிடுவார்கள் என்று உண்ணி சொன்னதும் பொறுக்காமல் நானே நடந்து நிலையத்துக்கு வந்து அம்பூரி என்று சொன்னேன். எலிக்காய்ச்சல், ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக சார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இன்று சினி வந்து அப்பாவை அடையாளம் காட்டினார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடைசில என்ன சொன்னாரு?" என்று கேட்டார். உன் பேரைத்தான் சொன்னார் என்றேன். அதுவும் பொய். நான் வண்டியைத் திருப்பி அனுப்பியதை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள், என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். அவர் கடைசியில் சொன்னது பற்றிய இந்த ஒன்றை மட்டும் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், இதில் பொய் இல்லை.

இடது பெருவிரல் ரேகை
ஆனந்தபாய்