பூமி தந்த வேகம்

சான்டா கிளாராவில் கூடியிருக்கும் இந்தத் தீபாவளிப் பேரவையின் தலைமைப் பெருந்தகையே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோரே! மழலையை மடியிலும் மன்றத்தை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வாஞ்சிநாதனின் பணிவான வணக்கம்.

விண்கலம் விரைவது எரிபொருளால் மட்டுமா? இல்லை! ஒரு கோளை நெருங்கிக் கடந்தால், அந்தக் கோளின் ஓட்டத்தில் ஒரு துளி கலத்துக்குக் கிடைக்கும் என்று அறுபதுகளில் கணக்கிட்டார்கள். எழுபதுகளில் வெள்ளியின் ஈர்ப்பு ஒரு கலத்தைப் புதனுக்குத் திருப்பியது. வியாழனின் ஈர்ப்பு இன்னொன்றைச் சனிக்கு வீசியது. இந்த 1999 ஆகஸ்டில் முறை நம் பூமிக்கு வந்தது! சனிக்குச் செல்லும் காசினிக் கலம், கதிரியக்கப் புளூட்டோனியம் சுமந்து, நம்மை ஒட்டிப் பறந்தாக வேண்டியிருந்தது.

செய்தி படித்த என் மனைவி மரகதம், அது தவறி நம் மேல் விழுந்துவிடுமோ என்று பதறினாள். பிள்ளைகளோடு கோயம்புத்தூர் போக டிக்கெட் புக் பண்ணினாள். சிரிக்கிறீர்களா? பூமியைக் கடக்கும் கலத்துக்குக் கோயம்புத்தூர் மட்டும் விலக்கா என்று நானும் கேட்டேன். பயத்துக்கு வரைபடம் தெரியுமா, ஐயா?

குபெர்டினோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காமாக்ஷி. விண்கலப் பாதைகளைக் கணக்கிடும் பொறியாளர். மரகதம் அவரிடம் ஓடினாள்.

"சான்ஸே இல்லன்னு ப்ராமிஸ் பண்ணுங்க காமாக்ஷி!"

"ரொம்ப ரொம்பக் கம்மிங்க. ஆனா ஜீரோன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்போ உங்க பொண்ண எங்க அனுப்பப் போறீங்க?"

"எங்கயும் இல்ல. என் பக்கத்துலதான் இருப்பா. நீங்களும் வாங்களேன்."

ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாமே என்று நான் பின்னர் கேட்டேன். "சொல்லியிருந்தா, இனிமே நான் சொல்ற எத நம்புவாங்க?" என்றார்.

மரகதம் இரவெல்லாம் யோசித்தாள். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினாள். கலம் பூமியைக் கடக்கும் அந்த மாலை நாங்கள் அனைவரும் காமாக்ஷி வீட்டில் அமர்ந்திருந்தோம். அவர் மகள் கயல் எங்கள் பிள்ளைகளோடு படம் வரைந்தாள். இட்லி ஆறியது. தொலைபேசி ஒலித்தது. பாசடீனா கட்டுப்பாட்டு மையத்திலிருந்து காமாக்ஷியின் நண்பர்!

"தாண்டிடுச்சு! ஸ்பீடும் ஏறிடுச்சு!" என்றார் காமாக்ஷி.

மரகதம் அவர் கைகளைப் பற்றினாள். பற்றியவள் திடுக்கிட்டாள். "உங்க கையும் நடுங்குதே!"

"என் பொண்ணும் இங்கதான இருக்கா மரகதம்."

அவையோரே! அச்சமில்லாதவர் உண்மை பேசுவது அரிதா? தம் அச்சத்தை அடக்கிக்கொண்டு, தம் குழந்தையைத் தம் கணக்கின் கீழேயே அமர்த்திக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாரே, அதுவன்றோ அறம்! அதுவன்றோ அறிவியல்!

அவர் இந்த அவையில்தான் இருக்கிறார். எழுந்து நில்லுங்கள், அம்மா! மாட்டேன் என்று தலையசைக்கிறார். சரி, அவர் அமர்ந்திருக்கட்டும். நாம் எழுவோம்!

செவி தந்த சான்றோர்க்கு நன்றி. அனைவர்க்கும் தீபாவளி வாழ்த்து. வணக்கம்.