மூன்று நாரை, கீழ்ச்சுவர்

வாசலில் நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டால் அது படகுக்காரர்களுக்கு உகந்த பப் ஆகிவிடாது. இருபத்தாறு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படகில் வருகிறவனுக்கு முதலில் வேண்டியது உறுதியான இரும்பு வளையம். அடுத்தது படகின் அடியில் போதுமான தண்ணீர். பீரெல்லாம் அதற்குப் பிறகுதான். இது தெரியாத கடைக்காரர்கள் "படகுக்காரர்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று கரும்பலகையில் வளைத்து வளைத்து எழுதி வைப்பார்கள். நம்பிப் போனால் இடுப்புயரக் காஞ்சொறிப் புதரும் உளுத்துப்போன ஒரு கட்டையும் இருக்கும். எப்படியோ கட்டிவிட்டு உள்ளே போனால் உங்கள் சேற்றுக் காலணியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். பிறகு பொம்மை வாளி ஒன்றில் எட்டே எட்டு உருளைக்கிழங்கு வறுவலை நிறுத்திக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் லேத்தம், என் கைப்படவே எழுதித் தருவதாகச் சொன்னேன். என் பெயர் லென்னார்ட் விக்ஸ்டீட், வயது எழுபத்தொன்று. ட்ரென்ட் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கான படகுத்துறைக் கையேட்டைத் தொகுப்பவன். எந்த பப்பின் முன்னால் படகு கட்டலாம், எத்தனை படகு நிற்கும், ஆழம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கையேட்டில் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் நானே போய், கம்பை இறக்கி, மூன்று இடத்தில் அளந்து பார்த்துத்தான் எழுதுவேன். குளிர்காலத்திலும் போவேன். என் மனைவி என்னைவிட்டுப் போனதுகூட நான் ஒரு பிப்ரவரி மாதம் அளக்கப் போயிருந்தபோதுதான். திரும்பி வந்து கடிதத்தைப் படித்துவிட்டு, அன்றைய அளவுகளைச் சுத்தப்பிரதி எடுத்து முடித்தேன்.

கடைசி மதகுக்குக் கீழே எங்கள் ஆறு கடலின் பேச்சைக் கேட்கும். நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். கால்வாய்க்காரர்களுக்கு இது மண்டையில் ஏறாது. கால்வாயில் தண்ணீர் தொட்டித் தண்ணீர் மாதிரி ஒரே மட்டத்தில் கிடக்கும். அங்கே படகை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம். அதே பழக்கத்தோடு ஆற்றுக்கு வந்து, கயிற்றை வீணைத் தந்தி போல முறுக்கிக் கட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போவார்கள். இங்கே கயிற்றில் நெகிழ்வு விட வேண்டும். தண்ணீர் இறங்கும்போது படகும் கூடவே இறங்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம் இது.

இப்போது ஜைல்ஸ் பென்னக். விளம்பரக் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன். வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு படகில் ஏறுகிற ஆசாமி. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் படகுச் சங்கக் கூட்டத்துக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் என் தோளில் கைபோட்டான்.

"உங்க புத்தகம் பொக்கிஷம் சார். ஆனா இந்தக் காலத்துல யாரு புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு அலையறா? எல்லாத்தையும் போன்ல கொண்டாந்துரலாம், கவலைய விடுங்க."

நான் கவலைப்படவில்லை. ஆறு மாதத்தில் அவனுடைய ஆப் வந்தது. நூற்றுப்பன்னிரண்டு துறைகள், அத்தனையும் என்னுடையவை. என் அளவுகள், என் வாக்கியங்கள். ஓரிடத்தில் "இங்குள்ள வாத்துகள் முரட்டு வாத்துகள்" என்று எழுதியிருந்தேன், அதைக்கூட விடவில்லை. அவன் வாழ்நாளில் ஒரு கம்பைத் தண்ணீரில் இறக்கியது கிடையாது. சங்கத் தலைவர் ஹியூ ஆஸ்குட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஆத்தோட ஆழத்துக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்கீங்களா லென்? யார் அளந்தாலும் அதே அடிதானே வரும். அவனும் அளந்திருப்பான், அந்த வாத்துங்களையும் பார்த்திருப்பான்."

நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டேன். உண்மையை அளந்தால் எல்லோருக்கும் ஒரே எண் வரும். ஆகவே உண்மையல்லாத ஒன்று தேவைப்பட்டது. வரைபடம் போடுகிறவர்கள், ஊரிலேயே இல்லாத சந்து ஒன்றை வரைந்து வைத்துத் திருடனைப் பிடிப்பது புதிய விஷயம் அல்ல.

ஒவ்வொரு மார்ச் மாதமும் கையேட்டுக்கு ஒரு திருத்தத் தாள் அனுப்புவேன். பென்னக்கும் அதைத் தபாலில் வரவழைத்துக்கொண்டிருந்தான், அதுவும் சொந்தப் பெயரில், சொந்த முகவரிக்கு. திருடுவதற்குக்கூட ஒரு லட்சணம் வேண்டாமா? அவனுக்கு மட்டும் தனியாக ஒரு தாளைத் தட்டச்சு செய்தேன். அதில் ஒரே ஒரு வரிதான் வேறு. "மூன்று நாரை, மார்ன்பி. கீழ்ச்சுவரில் இரண்டு படகுக்கு இடம். வளையங்கள் புதியவை. ஏற்றத்திலும் வற்றத்திலும் நல்ல ஆழம்."

மூன்று நாரை என்ற அந்த பப்பின் கீழ்ச்சுவர், ஒரு காலத்தில் சரளைக்கல் ஏற்றி இறக்கிய பழைய துறை. நீருக்கடியில் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு ஒரு கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் அதன்மேல் நாலரை அடி தண்ணீர் நிற்கும், ஒன்றும் தெரியாது. வற்றும்போது படகின் ஒரு பக்கம் மேடையில் உட்கார்ந்துகொள்ளும், மறுபக்கம் இறங்கிக்கொண்டே போகும். கயிறு நெகிழ்வாக இருந்தால் படகு வழுக்கி விலகித் தப்பித்துக்கொள்ளும். இறுக்கிக் கட்டியிருந்தால் சாய்ந்து, பக்கவாட்டுத் துளைகள் வழியாகத் தண்ணீர் குடிக்கும். இதையெல்லாம் கையேட்டின் முதல் பதிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அந்த வரி ஆப்பில் வந்துவிட்டது. ஓர் எழுத்து மாறவில்லை. ஆஸ்குட்டிடம் அன்றைக்கே காட்டியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். காட்டினால் என்ன ஆகியிருக்கும்? பென்னக் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுவான், வரியை நீக்குவான், மற்ற நூற்றுப்பன்னிரண்டை வைத்துக்கொண்டு ஜாம்ஜாமென்று நடத்துவான். கம்பு இறக்காதவன் எழுதும் வழிகாட்டி எதற்கு லாயக்கு என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சிறு இடைஞ்சல். அந்தச் சுவரில் "இங்கே படகு கட்டாதீர்கள்" என்று ஒரு பலகை இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானே எழுதி, நானே திருகாணி போட்டு மாட்டியது. அது இருந்தால் யாரும் கட்டமாட்டார்கள். ஆகவே கழற்றி எடுத்துவந்தேன். என் பலகைதானே. கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சுவரில் திருகாணித் துளைகளை மண் வைத்து அடைத்தேன். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

மே மாதத்தில் எந்தெந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகலில் ஏற்றம் வருகிறது என்று அட்டவணையில் பார்த்துக்கொண்டேன். முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. அடுத்த முறை ஆற்றுக்காரர் ஒருவர் வந்தார், தண்ணீரைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. மூன்றாம் முறைதான் ரடக் தம்பதியின் படகு வந்தது.

ஐம்பத்தேழு அடி இரும்புப் படகு, கூரையில் ரோஜாப்பூத் தொட்டி, பித்தளைக் கைப்பிடி, பக்கவாட்டில் கோட்டைச் சித்திரம், எல்லாமே கால்வாய்ப் படகுகளின் அலங்காரம். நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததுபோல, பார்த்ததுமே கால்வாய்க்காரர் என்று தெரிந்தது. கோலின் ரடக் இறங்கி, முன்னும் பின்னும் கயிற்றைப் போட்டு, ஒரு காலைச் சுவரில் உதைத்து இழுத்துக் கட்டினார். பிறகு உள்ளே வந்து, நான் உட்கார்ந்திருந்த சன்னல் மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்தார். வறுத்த மாட்டிறைச்சியும் யார்க்ஷயர் புட்டிங்கும் சொன்னார். எனக்கும் அதேதான்.

"நீங்க இந்த ஊர்க்காரர் போல," என்றார். "எங்களுக்கு ஆறு புதுசு. என் பொண்டாட்டி ஹேசலுக்கு வர்ற வழியெல்லாம் உள்ளூர பயம். இந்த ஆப் இருக்கவே பொழைச்சோம்." போனை என் பக்கம் திருப்பினார். என் வரி அதில் இருந்தது.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றேன்.

"கயிறு சரியாக் கட்டியிருக்கேனா? நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன்."

சன்னல் வழியாகப் பார்த்தேன். "ரொம்ப நேர்த்தியாக் கட்டியிருக்கீங்க," என்றேன். அது பொய் அல்ல. முடிச்சு மிகவும் நேர்த்தியாகவே இருந்தது.

பப்பை நடத்தும் ட்ரூடி தட்டுகளை வைத்துவிட்டு அவரைச் சீண்டினாள். "பொண்டாட்டிய படகுல பூட்டிட்டுத் தனியா வந்து வெட்டறீங்களா? நல்லா இருக்கே கதை."

"அவளுக்கு ஒத்தைத் தலைவலிம்மா. மாத்திரை போட்டுக்கிட்டுப் பின்னறையில படுத்திருக்கா. பின்கதவையும் உள்ளாற தாழ்ப்பா போட்டுக்கிட்டா, தண்ணி பயம். கொஞ்சம் கறி எடுத்துவைங்க, கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

ஒன்று ஐம்பதுக்குப் படகு மேடையில் உட்கார்ந்தது. உட்கார்ந்த சத்தம் உள்ளே கேட்காது. கூரையிலிருந்த ரோஜாத் தொட்டி கொஞ்சம் சாய்ந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புகைப்படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருக்கிறது, உங்கள் ஆட்களுக்கு உதவும். ரடக் முதுகை ஆற்றுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு ஐந்துக்கு அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது அவர் போயிருந்தால் அந்தச் சாய்வைப் பார்த்திருப்பார். கயிற்றை அவிழ்த்திருப்பார். படகு வழுக்கித் தண்ணீரில் விழுந்து, ஒரு பீங்கான் தட்டு உடைந்து, அதோடு எல்லாம் முடிந்திருக்கும். பென்னக்கின் ஆப்பில் ஒரு புகார் வந்திருக்கும், அவ்வளவுதான்.

"தலைவலிக்காரங்களை எழுப்பக் கூடாது," என்றேன். "என் மனைவிக்கும் இருந்துச்சு. தூங்கி எழுந்தாத்தான் போகும். உக்காருங்க, இன்னொரு பீர் நான் சொல்றேன்."

"நீங்க சொல்றதும் சரிதான்," என்று உட்கார்ந்தார். மகள் லிங்கனில் ஆசிரியையாக இருப்பதைப் பற்றிப் பேசினார். நான் ஆப்பிள் கிரம்பிள் சொன்னேன். கஸ்டர்ட் கட்டி தட்டியிருந்தது. மூன்று நாரையில் சமையல் நன்றாக இருந்த காலம் மலையேறிவிட்டது.

இரண்டு இருபத்தெட்டுக்குப் பூந்தொட்டி உருண்டு ஆற்றில் விழுந்தது. பிறகு எல்லாமே சீக்கிரம் நடந்தது. ட்ரூடிதான் முதலில் கத்தினாள். ரடக் ஓடினார். முன்கதவு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே சரிந்த அலமாரி வழியை அடைத்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். பின்கதவில் அவர் கைகளால் அடித்துக்கொண்டே இருந்தார், அந்தக் கதவு தண்ணீருக்குள் போகும் வரை. ஹேசலின் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. அவள் கணவர் பெயரைத்தான் கூப்பிட்டாள். இதை மறைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. யார் இருந்தாலும் வருத்தப்பட்டிருப்பார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ரடக்கின் தோளில் போர்வையைப் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் உங்களிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. அதனால்தான் நேற்று என் வீட்டுக்கு வந்தபோது அவ்வளவு மென்மையாகப் பேசினீர்கள். பென்னக் அவனுடைய திருத்தத் தாளை உங்களிடம் கொடுத்திருந்தான். பத்திரிகைக்கும் பேட்டி கொடுத்துவிட்டான், "நாங்கள் நம்பியிருந்த பழைய கையேட்டில் பிழை இருந்தது" என்று. ஆஸ்குட் உடனே, சங்கம் விற்றுவந்த கையேட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார். இருபத்தாறு வருட உழைப்பை அலமாரியிலிருந்து அள்ளிப் பெட்டியில் போட்டார்கள்.

நீங்கள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "இதுல உங்க மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல மிஸ்டர் விக்ஸ்டீட். வயசாகுது, தட்டச்சு பண்ணும்போது ஒரு வரி மாறிப்போச்சு. அந்தப் பலகையும் துருப்பிடிச்சு ஆத்துல விழுந்திருக்கும். தெரியாம நடந்த பிழைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் நான் எழுதும் எதிலும் ஒரு வரி தானாக மாறிப்போவதில்லை. அந்தத் தாளை அனுப்புவதற்கு முன்னால் மார்ச் இரண்டாம் தேதி மூன்று நாரைக்குப் போனேன், வற்றத்தில் கம்பை இறக்கினேன், மூன்று இடத்தில் அளந்தேன். அங்கே ஒரு படகும் நிற்காது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே நிற்கும் என்று எழுதினேன். பலகையைக் கழற்றியது நான். அந்த அம்மாள் உள்ளே தூங்குவது தெரிந்து, கணவரை உட்காரவைத்ததும் நான்தான்.

இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்பி, கையேட்டைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அதில் பிழை எதுவும் இல்லை. அதை நம்பி யாரும் தைரியமாகப் படகு கட்டலாம்.