இலக்கியா தோற்ற பதினோரு ஆட்டங்கள்

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் ஸ்கோர் எழுத உட்கார்ந்தேன். மற்றபடி விளையாட்டில் எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை என்பதை, மேடம், நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்வித் துறையிலிருந்து விசாரணைக்கு வந்த நீங்கள் என்னைத் தலைமையாசிரியர் அறையில் உட்காரவைத்து, வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நடந்தத அப்பிடியே எழுதிக் குடுத்துருங்க நிலவழகன் சார்" என்றீர்கள். பத்தொன்பது வருடமாக நான் கணித ஆசிரியன். படிப்படியாக எழுதித்தான் பழக்கம். விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை.

எங்கள் பள்ளி கட்டுமாவடி போகும் சாலையில் இருக்கிறது. பி.டி. டீச்சர் செல்வராணி இங்கே பெண்கள் பேஸ்பால் அணியைத் தொடங்கினார். கபடிக்குத் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறது, பேஸ்பாலுக்கு மாவட்டத்திலேயே ஆறு பள்ளிதான், மாவட்ட அணியில் ஒரு பிள்ளை சேர்ந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்று அவர் சொன்னார். நல்ல எண்ணம். அவருடைய நல்லெண்ணத்தை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை.

அந்த ஆட்டத்தில் பந்து எறிகிறவரை பிட்சர் என்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வெற்றியோ தோல்வியோ பெரும்பாலும் தொடக்கத்தில் எறிந்த பிட்சர் பேரில்தான் எழுதப்படும். இதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. பிட்சர் நன்றாக எறிந்திருப்பாள். பின்னால் நிற்பவள் கைக்கு வந்த பந்தைக் கோட்டை விடுவாள். மட்டை பிடித்தவர்கள் ஒரு ரன்கூட எடுத்திருக்க மாட்டார்கள். தோல்வி மட்டும் பிட்சர் தலையில். மாமியார் உடைத்த குடத்துக்கு மருமகளைத் திட்டுவது போன்ற கணக்கு இது.

எங்கள் பிட்சர் இலக்கியா. அப்போது பதினோராம் வகுப்பு. அப்பா பேர் திருப்பதி, படகு வைத்திருக்கிறார். காயவைத்த மீனைத் தூக்க வரும் காக்கைகளைச் சிப்பி எறிந்து விரட்டி வளர்ந்த கை அது. ஒரு காக்கையின் மீதும் பட்டதில்லையாம். ஒரு காக்கை அந்தப் பக்கம் திரும்பி வந்ததும் இல்லையாம். முதல் வருடம் எட்டு ஆட்டம் எறிந்தாள், ஏழில் தோற்றாள். "ராசியில்லாத கையி" என்று பள்ளியிலேயே பேர் வந்துவிட்டது. அதே வருடம் நகரத்துப் பள்ளியின் ஹரிணி எட்டுக்கு எட்டும் ஜெயித்தாள்.

நான் என் நோட்டில் வேறு விதமாகக் கூட்டிப் பார்த்தேன். எத்தனை பேரை மட்டையில் படாமலே வெளியேற்றினாள், எத்தனை பேருக்குத் தவறாக எறிந்து இலவசமாக ஓடவிட்டாள், அவளால் வந்த ரன் எத்தனை, பின்னால் நின்றவர்களால் வந்தது எத்தனை. எந்த வரிசையில் வைத்தாலும் இலக்கியாதான் மேலே வந்தாள். ஹரிணி நல்ல பிள்ளைதான். ஆனால் அவள் நான்கு ரன் விட்டுக்கொடுத்தால் அவள் அணி ஒன்பது எடுத்துக் காப்பாற்றிவிடும். அவ்வளவுதான் அவளுடைய ராசி.

ஆறு பக்கம் எழுதி, புதுக்கோட்டையில் மாவட்ட அணித் தேர்வுக் குழுவில் இருந்த சோலையப்பன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"தோத்த பிள்ளையத் தூக்கித் தலையில வச்சு ஆடுறீங்களே சார். ஜெயிச்சவ ஜெயிச்சவதான. இதுக்குப் போயி ஆறு பக்கமா?"

சுற்றி இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். எனக்குக் கோபம் இல்லை. எட்டு ஆட்டம் போதாது என்று மட்டும் புரிந்தது. ஒரு கூற்றை நிறுவ இன்னும் நிறைய தரவு வேண்டும்.

மறுவருடம் செல்வராணி டீச்சர் மீனம்மாள் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார். படகிலிருந்து வீசும் மீனைக் கரையில் நின்று பிடித்துப் பழகியவள். அவள் பக்கம் போன பந்து தரையைப் பார்த்ததே இல்லை. முதல் ஆட்டத்தில் நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். பிள்ளைகள் குதித்தார்கள். தலைமையாசிரியர் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் என் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நீங்களே யோசியுங்கள், மேடம். இலக்கியா ஜெயித்துக்கொண்டே போனால் அவளும் இன்னொரு ஹரிணி. "பாத்தீங்களா, ஜெயிக்கிற பிள்ளைதான் நல்ல பிட்சரு" என்பார் சோலையப்பன். தோற்றுக்கொண்டே சிறந்தவளாக இருக்கும் ஒரு பெண் மாவட்டத்துக்கே ஒருத்திதான் இருந்தாள். அவளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மீனம்மாள் காலாண்டுக் கணிதத் தேர்வில் ஐம்பத்திரண்டு வாங்கியிருந்தாள். நான் முப்பத்தொன்று என்று பதிந்தேன். தோற்ற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. ஆட்டங்களும் சனிக்கிழமைதான். வகுப்பை ஐயனார் சார்தான் எடுத்தார், நான் மைதானத்தில் இருக்க வேண்டுமே. அவளுக்கு இதனால் நன்மையே. முக்கோணவியலில் இப்போது அவளை அசைக்க முடியாது.

பிறகு யாரை எங்கே நிறுத்துவது என்று செல்வராணி டீச்சர் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். "நீங்க கணக்குப் போட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார். நான் போட்டேன். ஒன்பது பேரை ஒன்பது இடத்தில் மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் விதமாக நிறுத்தலாம். மிக மோசமான விதத்தைக் கண்டுபிடிப்பது மிகச் சிறந்ததைக் கண்டுபிடிப்பதைவிடச் சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதிகமாக ஓட வேண்டிய இடத்தில் ஓடவே பிடிக்காத அழகி என்ற பிள்ளையை நிறுத்தினேன். இடதுகைக்காரிக்கு இடதுகை உதவாத இடத்தைக் கொடுத்தேன். நல்ல மட்டை ஒன்றுதான் இருந்தது. அது கணித ஆய்வகத்தில் பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

பதினோரு ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். இலக்கியாவால் எதிரணிக்கு வந்த ரன்கள் பதினோரு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒன்பதே. ஒரு ஆட்டத்தில் அவள் எறிந்த பந்தை யாராலும் ஒழுங்காக அடிக்கவே முடியவில்லை. அழகி விட்ட ஒரு பந்தால் பூஜ்யத்துக்கு ஒன்று என்று தோற்றாள். அதை எழுதும்போது என் கண் கலங்கியது. அப்படி ஓர் அழகான தோல்வியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்து அவள் அடிபம்பு அருகில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழுவினாள். பக்கத்தில் போய், "அழுவாதம்மா, இது சாதாரணத் தோல்வி இல்ல" என்றேன்.

"ஒரே ஒரு தடவ ஜெயிக்கணும் சார்" என்றாள். "எங்கப்பா கடலுக்குப் போகாம மேட்சு பாக்க வாரேன்னாரு. தோக்குறதப் பாக்கவா வரச் சொல்லுறதுன்னு நாந்தான் வேணாம்னுட்டேன். காலேஜுக்கு இத விட்டா எனக்கு வேற வழி இல்ல சார்."

"ஒன்ன நான் பாத்துக்குறேன்" என்று சொன்னேன். சொன்னபடியேதான் நடந்துகொண்டேன்.

மாவட்ட அணித் தேர்வு நாளன்று முப்பத்தொரு பக்கக் கோப்போடு போனேன். சோலையப்பன் சார் இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். டீ ஆறிப்போனது.

"சார், என்னைய மன்னிச்சுருங்க" என்றார். "நீங்க சொன்னதுதான் சரி. போன வருசமே எடுத்துருக்கணும். இந்தப் பிள்ளைக்கிட்ட ஒரு நல்ல டீமக் குடுத்தா எல்லா மேட்சையும் ஜெயிச்சுப்புடும் சார்."

என் வாழ்க்கையில் அந்த முதல் வாக்கியத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆனால் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லா மேட்சையும் ஜெயித்துவிடுவாள். அது உண்மை. மாநிலப் போட்டியில் அவள் பேருக்கு நேரே வெற்றி, வெற்றி, வெற்றி என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துக் கைதட்டுவதற்கு என் முப்பத்தொரு பக்கம் எதற்கு? எந்த முட்டாளும் கைதட்டுவான்.

"ஒரு விசயம் சார்" என்றேன். "பிள்ளைக்குத் தோள்ல வலி. டாக்டர் மூணு மாசம் எறியக் கூடாதுன்னுட்டாரு."

ஹரிணியைத் தேர்ந்தெடுத்தார்கள். இலக்கியாவிடம், குழு உன்னை எடுக்கவில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, ரசம் மட்டும் குடித்தேன். அதையும் பதிவு செய்கிறேன்.

வெளியே வந்தது மீனம்மாளால். நான் அதுவரை கொடுக்காமல் வைத்திருந்த காலாண்டு விடைத்தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் "கணக்கு வாத்தியாருக்குக் கூட்டத் தெரியலையே" என்றாள். செல்வராணி டீச்சர் அந்தத் தாளை வாங்கித் தானும் கூட்டிப் பார்த்தார். பிறகு ஆய்வக அலமாரியைத் திறக்கச் சொன்னார். மட்டை இருந்தது. அங்கிருந்தே சோலையப்பனுக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் இலக்கியாவை அழைத்து, "ஒனக்குத் தோள்வலியாம்ல?" என்று கேட்டார்.

இலக்கியா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. தெரியாத பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"எந்தத் தோளு சார்?"

மாநிலப் போட்டிக்கான மாவட்ட அணிப் பட்டியல் அதற்குள் போய்விட்டிருந்தது. மாற்ற முடியாது என்றார்கள். அந்தச் சனிக்கிழமை செல்வராணி டீச்சர் ஹரிணியின் பள்ளியை ஒரு நட்பு ஆட்டத்துக்கு அழைத்தார். மீனம்மாள் தன் இடத்தில், நல்ல மட்டை, எல்லோரும் நிற்க வேண்டிய இடத்தில். இலக்கியாவின் அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்து எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்த்தார். இரண்டுக்குப் பூஜ்யம். ஹரிணியே ஓடிவந்து இலக்கியாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் கையால் இனி கல்லூரி இடம் கிடைக்காது. ஆனாலும் அவள் அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் வகுப்பறைச் சன்னல் வழியாக ஸ்கோர் எழுதினேன். பழக்கம். ஆனால் அந்த ஆட்டத்தை மொத்தத்தில் சேர்க்கவில்லை. அத்தனை பெரிய ஆய்வை ஒரு வெற்றி கெடுத்துவிடக் கூடாது.

ஆக, மதிப்பெண்ணை மாற்றியது நான். மட்டையைப் பூட்டியது நான். ஆட்களை மாற்றி நிறுத்தியதும், இல்லாத வலியைச் சொன்னதும் நான். இலக்கியாவின் திறமையை இந்த மாவட்டத்தில் என்னைப் போல் மதித்தவர் யாரும் இல்லை என்பதும் இதிலிருந்தே தெளிவாகும்.

எனக்கு இடமாறுதல் வரும் என்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறேன். முடிந்தால் திருவரங்குளம் பக்கம் போட்டுக்கொடுங்கள், மேடம். அங்கே ஒரு பெண் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றிருக்கிறாளாம். அருமையாக எறிகிறாளாம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு யாரும் இல்லை.