கோழிக்கு முளைக்குமாம்

முடியா? காதுக்குள்ளயா? அட, எங்க வீட்டுக்காரரு காதுக்கு வெளியில நீட்டிக்கிட்டிருக்கற முடியைத்தான் நான் அப்பப்ப கத்தரிச்சு விடறேனே தம்பி. அது இல்லையா? சரி சரி, சொல்லுங்க.

ஓ, செவுத்துல மாட்டியிருக்கற படத்துல இருக்கறதா. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கு, அதுக்குள்ள தண்ணி, வரிசையா செல்லு, ஒவ்வொரு செல்லோட தலையிலயும் குச்சிகுச்சியா பொடி முடி. சத்தம் வந்தா தண்ணி ஆடும், முடி சாயும், சாஞ்சாதான் மூளைக்குச் சேதி போகும். புரிஞ்சுடுச்சு. பக்கத்துப் படத்துல மாடு மேஞ்ச மாதிரி கெடக்கே, அது எங்க வீட்டுக்காரரோடதா? வேற யாரோடதோவா? எல்லாம் ஒண்ணுதான், விடுங்க.

பின்ன மேயாம என்ன செய்யும்? கல்யாணம் ஆனதுலேர்ந்து தகர டப்பாவுக்கு மூடி அடிக்கற மெஷின் முன்னாடியே நின்ன மனுஷன். கம்பெனியில காதுக்கு அடைப்பான் குடுத்தாங்க. அதை என்ன செஞ்சாரு தெரியுமா? பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வந்து, நான் பேச ஆரம்பிச்சா எடுத்து மாட்டிக்குவாரு. சத்தியமா! மெஷின்கிட்ட திறந்த காது, பொண்டாட்டிகிட்ட அடைச்ச காது. இப்ப அடைப்பானே தேவையில்லாமப் போச்சு.

பின்னாடி சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரா? கேட்டுட்டுச் சிரிக்கறாருன்னு நினைச்சுடாதீங்க. நீங்க சிரிச்சீங்க, அதைப் பார்த்து அவரும் சிரிக்கறாரு. என் வாயைப் பார்த்தா பாதி புரிஞ்சுக்குவாரு, அதனாலதான் முதுகைக் காட்டி உக்காந்திருக்கேன். காரணமாத்தான்.

இருங்க, என்னமோ சொல்ல வர்றீங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடறேன். பொம்பளைக் குரல் மட்டும் ஏன் முதல்ல போகுது? கீச்சுச் சத்தத்துக்கான முடியெல்லாம் வாசல்லயே நிக்குதா? அதான் முதல் அடி அதுக்கு விழுதா? நல்லா இருக்கே கதை! பக்கத்து வீட்டுக்காரர் கட்டைக் குரல்ல சீட்டாடக் கூப்பிட்டா இவருக்கு ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்ல. நான் அடுப்படியிலேர்ந்து தொண்டை கிழியக் கத்தினா அசைய மாட்டாரு. இத்தனை நாளா கொழுப்புன்னு திட்டிக்கிட்டிருந்தேன். பாவம், முடிதான் இல்ல.

மறுபடி முளைக்காதா? என்னது, கோழிக்கு முளைக்குமா? கோழிக்கா! அதுக்குக் காது கேட்டு என்ன ஆகப்போகுது தம்பி, கத்தி தீட்டற சத்தத்தைக் கேக்கறதுக்கா? மனுஷனுக்குப் போனா போனதுதானாம். என்ன நியாயமோ.

சரி, வந்த காரியத்துக்கு வர்றேன். இன்னைக்கு இவருக்குக் காது மெஷின் குடுத்துடாதீங்க. வர ஒரு மாசம் ஆகும்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் பொய் வராதுன்னா நானே சொல்லிக்கறேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. ஏன் இப்படிக் கையை ஆட்டறீங்க? முழுசா கேளுங்களேன். பேத்தி போன்ல பேசறது புரியலன்னு அவரேதான் ஆசையா கிளம்பி வந்தாரு, எனக்கும் தெரியும். ஒரே ஒரு மாசம்தான்.

எனக்குப் பழகிப்போச்சு, அதான் விஷயம். சாயங்காலம் இவரு டிவி முன்னாடி உக்காந்திருப்பாரு. நான் பின்னாடி நின்னு துணி மடிச்சுக்கிட்டே மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடுவேன். பொண்ணுகிட்ட சொன்னா அழுது ஊரைக் கூட்டிடுவா. யார்கிட்டயும் சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும். இவர்கிட்ட சொன்னா, சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. எவ்வளவு வசதி பாருங்க! இந்தக் காதையும் நீங்க திறந்துவிட்டுட்டா நான் எங்க போவேன்?

அப்படி என்ன சொல்றேனா? பெருசா ஒண்ணுமில்ல. இடது மார்ல ஒரு கட்டி. ஊசி குத்திப் பார்த்துட்டு அதேதான்னுட்டாங்க. வர்ற வாரம் எடுக்கறாங்க. இவர்கிட்ட அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா இவருக்குச் சோறு இறங்காது. அப்புறம் டாக்டரு என்னைப் பாக்கறதா, இவரைப் பாக்கறதா? எனக்குப் பயமாத்தான் இருக்கு தம்பி, இல்லேங்கல. தினம் அந்த முதுகுகிட்ட அதைத்தான் சொல்றேன். பயமா இருக்குங்க, கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கங்கன்னு. அவர் பாட்டுக்குச் செய்தி பாத்துக்கிட்டிருப்பாரு.

அப்போலேர்ந்து எதுக்கு அவரு காதையே காட்டறீங்க? நான் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள என்னமோ மாட்டி விட்டிருந்தீங்களே, அதுவா? அளவு பாக்கற வெத்து டப்பாதானே அது?

ஓடுதா? எப்போலேர்ந்து ஓடுது?

ஐயையோ, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே தம்பி! ஆமா, நான் எங்க பேச விட்டேன்.

என்னங்க... ஏங்க எந்திரிச்சு வந்துட்டீங்க? விடுங்க, யாராவது பாக்கப்போறாங்க. கையை இப்படி இறுக்கினா வலிக்குதுங்க. அழாதீங்க. சரி, நீங்களும் வாங்க ஆஸ்பத்திரிக்கு, நான் வேணாம்னா சொன்னேன்? ஏன் இப்படிக் கத்தறீங்க? மெதுவாப் பேசுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.