செல்லரித்த இடம்

உக்காருங்கப்பா, நின்னு நின்னு காலு கடுக்குது. ஏரித் திருவிழாக் கொட்டு நிக்கறதுக்குள்ள சொல்லிடறேன்.

குதிரைக்குக் கொம்பு இருந்த காலமாம். வெண்கோடி நாட்டு அரண்மனையில நம்ம ஊர்க்காரரு ஆவுடையான் ஏடு எழுதிக்கிட்டிருந்தாராம். பழைய ஏடு நைஞ்சு போனா, அதைப் பார்த்துப் புது ஓலையில எழுதணும். அதான் வேலை.

ஒருநாள் பார்த்து எழுதற பழைய ஏட்டுல, நம்ம ஏரி எப்பவோ உடைஞ்ச சேதி வந்துச்சாம். ‘உடைப்புல குறுக்கே படுத்து உசுரக் குடுத்தது இன்னார்’னு இருக்கணும். பேரு இருந்த இடத்தைச் செல்லு அரிச்சிருச்சு. ஆவுடையான் அந்த இடத்தைக் காலியா விட்டு எழுதிட்டாரு.

ராசா பார்த்தாரு. “இங்க எங்க தாத்தா பேரை எழுது.”

“மூலத்துல இல்லீங்களே, ராசா.”

“செத்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்ப எங்க தாத்தாவாவே இருக்கட்டும். எழுதற வரைக்கும் நீ வீட்டுக்குப் போகக்கூடாது.”

உக்காந்தாராம், எழுதுனாராம், அந்த இடத்தை விட்டாராம். ராசா ஏட்டை ஜன்னல் வழியா வீசுனாராம். மறுநாளும் உக்காந்தாராம், எழுதுனாராம், விட்டாராம். இப்படியே பன்னெண்டு வருசம். கண்ணு மங்கிப் போச்சு, விரலு மடங்கல. சொல்ற எனக்கே சலிப்பா இருக்கு.

பொண்டாட்டி காத்தாயி ஜன்னலுக்குக் கீழ நின்னு அழுவாளாம். “ஒரு பேருதானய்யா, கிறுக்கிட்டு வந்து தொலையேன். மகளுக்குக் கல்யாணமே முடிஞ்சு போச்சு!”

“எனக்கும் அலுத்துப் போச்சு காத்தாயி. ஆனா அங்க படுத்தவங்களுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பாள்ல? அவ பிள்ளை இடத்துல இன்னொருத்தனை எப்படிப் படுக்க வைக்கிறது?”

அவ கீழ கிடக்கற ஏட்டைப் பொறுக்கிட்டு வந்து, புருசன் படற பாட்டைப் பாருங்கன்னு நம்ம ஊருல வீடு வீடாக் குடுத்தாளாம்.

கடைசியில ராசாவே தாத்தா பேரை எழுதிக்கிட்டு, இந்த ஏரிக்கரையில வாசிக்க வந்தாரு. பேரை வாசிச்சதும், சனங்க அவங்கவங்க கூரையில சொருகியிருந்த ஏட்டை உருவிட்டு வந்துட்டாங்க. “எங்க ஏட்டுல அங்க ஒண்ணுமே இல்லீங்களே!” ராசா குதிரை ஏறிட்டாரு; போனதும் ஆவுடையானை விட்டுட்டாரு.

ஆவுடையான் வீட்டுக்கு வந்தாரு. “அப்ப யாருய்யா அது?”ன்னு ஊரே கேட்டுச்சு. “தெரியாதுப்பா”ன்னு சொல்லிட்டுப் படுத்தவரு மூணு நாள் எழுந்திரிக்கலையாம்.

அதுலேருந்து ஏரித் திருவிழாவுல ஏடு வாசிக்கறவரு அந்த இடம் வந்தா நிறுத்திடுவாரு. கொட்டும் நின்னுரும். பிள்ளையப் பறிகொடுத்தவங்க மனசுக்குள்ள ஒரு பேரு சொல்லிக்குவாங்க. ஒன்பது வருசமா நானும் எம்மகன் பேரைச் சொல்றேன்.

கொட்டு நின்னுருச்சு. பேசாதீங்க.